புளோக்குக்குக் கீழே ஒரு மேசை

வணக்கம். உங்களுக்குப் பிடித்த சாப்பாட்டுக் கடையைப் பற்றி வந்து பேசுங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது நான் யோசிக்கவே இல்லை, எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடை என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. "கீழே இருக்கேன், வா" என்றால் போதும், எங்கள் புளோக்கில் சின்னப் பிள்ளைக்குக்கூட எங்கே என்று தெரியும்.

சிங்கப்பூரிலேயே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். பெயரில் காப்பி இருக்கிறதே தவிர அது காப்பியோடு நிற்கிற கடை இல்லை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக்கின் தரைத்தளத்தில், பக்கச் சுவர் இல்லாமல் திறந்து கிடக்கும், மேலே காற்றாடி சுற்றும், ஓரமாக ஏழெட்டு அங்காடிகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள். காலையில் காப்பியும், காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும். மதியம் சோறும், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்த கறிகளில் நாம் கைகாட்டுகிற மூன்றும். ஆறு மணி தாண்டினால் பீர் பாட்டில்கள் மேசைக்கு வர ஆரம்பிக்கும். ஒரே இடம்தான் உணவகம், அதே இடம்தான் பார். இந்தத் தொழிலில் காலங்காலமாக இருந்த ஃபூச்சோ பிரிவுச் சீனர்கள் வைத்திருக்கும் சங்கத்தின் பெயரைப் பாருங்கள், காப்பி, உணவகம், பார் வணிகர் சங்கம் என்று மூன்றையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கடையைக் காட்டிக் கொடுத்தவர் அப்பா. கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வர மாட்டார், கீழே உட்கார்ந்துவிடுவார். அம்மா என்னை அனுப்புவார், "போய் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று. நான் போனால் எனக்கு ஒரு மைலோ ஐஸ் வந்துவிடும், அப்புறம் நானும் மேலே போக மாட்டேன். அந்த மேசையில் அப்பா, நாலாவது மாடிச் சீன அங்கிள், ஒன்பதாவது மாடி மலாய் அங்கிள், மூன்று பேர். ஒரு பெரிய பாட்டில் பீரை அப்பாவும் சீன அங்கிளும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மலாய் அங்கிளுக்குத் தே ஓ ஐஸ், அதாவது பால் இல்லாத ஐஸ் தேநீர், சாப்பாட்டுக்கு இந்திய முஸ்லிம் அங்காடியில் மீ கோரிங் என்கிற வறுத்த நூடுல்ஸ், அதுவும் தனித் தட்டில். யாரும் யாரையும் எதுவும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள், அவரவர் தட்டு அவரவர் முன்னால். இன்றைக்கும் தட்டுகளைத் திருப்பி வைக்கிற இடத்தில் ஹலால் தட்டுக்கு ஒரு அடுக்கு, மற்றதுக்கு ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும்.

அப்பாவுக்குச் சீனமொழி தெரியாது. ஆனால் காப்பி கேட்கும்போது மட்டும் சரளமாக வரும். கோப்பி என்றால் கெட்டிப்பால் ஊற்றியது, கோப்பி ஓ என்றால் பால் இல்லாமல் சீனி மட்டும், கோப்பி சி என்றால் கெட்டிப்பாலுக்குப் பதிலாக டின்னில் வரும் இனிப்பில்லாத பால். அதோடு கோசோங் சேர்த்தால் சீனி வேண்டாம், சியூ தாய் என்றால் இனிப்பைக் குறை, காவ் என்றால் திக்காகப் போடு. இதில் ஓ என்பது ஹொக்கியன் என்கிற சீனமொழி, கோசோங் மலாய், இரண்டையும் சேர்த்துத் தமிழர் ஒருவர் "கோப்பி ஓ கோசோங்" என்று குரல் கொடுக்க, உள்ளே நிற்கிறவர் அதையே உரக்கத் திரும்பச் சொல்லி, நீள மூக்கு வைத்த கெண்டியைத் தூக்கித் துணிப்பை வடிகட்டி வழியாக ஊற்றுவார். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பதால் அந்தக் காப்பிக்கு ஒரு கருகல் மணம் உண்டு. நம்மூர் ஃபில்டர் காப்பியில் பழகிய நாக்குக்கு முதல் வாரம் பிடிக்காது. ஒரு மாதம் போகட்டும், அது இல்லாமல் பொழுது விடியாது.

சரி, இரவுக்கு வருவோம்.

இரவில் இந்தக் கடையின் நாயகன் ஸி சார் அங்காடி. சட்டியைத் தீயில் பிடித்து வதக்கித் தருகிற சீனச் சமையல், உணவகத்துச் சாப்பாடு என்றே சொல்லலாம், ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில். இறால் விழுதில் ஊறவைத்துப் பொரித்த கோழி, மிளகாய் விழுதில் வதக்கிய கீரையான சம்பால் காங்கோங், ஓட்ஸ் தூவிய இறால், கிண்ணத்தில் சோயாவில் மிதக்கும் சிலி பாடி என்கிற குட்டி மிளகாய். நாங்கள் போனால் மீன் தலைக் கறி கட்டாயம். அந்தக் கறிக்கே நம் பக்கத்துத் தொடர்பு இருக்கிறது. கேரளத்திலிருந்து இங்கே வந்து கடை நடத்திய கோமெஸ் என்பவர், மீன் தலையை விரும்பிச் சாப்பிடுகிற சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம்மூர்க் குழம்பில் போட்டுக் கொடுத்தார், 1949 வாக்கில். அப்புறம் சீனர்கள் தங்கள் கைப்பக்குவத்தில் அதைச் சமைக்க ஆரம்பித்தார்கள். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் போட்டு, புளிப்பு முன்னால் நிற்க, சட்டியோடு கொதித்துக்கொண்டே மேசைக்கு வரும். கன்னச் சதையை முதலில் பெரியவர் தட்டில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எங்கள் ஸி சார்க் கடைக்காரருக்கும் அது தெரியும், சட்டியை எப்போதும் அம்மா பக்கம் திருப்பித்தான் வைப்பார்.

அப்புறம் பீர் ஆண்டி, மேசைக்கு மேசை பீர் கொண்டுவந்து விற்கிற பெண்மணி. இவரைப் பற்றிச் சொல்லாமல் நான் இந்த உரையை முடிக்க மாட்டேன். எங்கள் கடை ஆண்டிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் சில்லறைப் பை, ஒரு கையில் ஐஸ் வாளி, மறு கையில் இரண்டு பெரிய பாட்டில்களைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பார். மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, கைப்பிடி போட்ட கண்ணாடிக் குவளையைச் சாய்த்துப் பிடித்து நுரை வழியாமல் ஊற்றுவார், கடைசியில்தான் குவளையை நிமிர்த்துவார். ஐஸ் போடலாமா என்று என்னைக் கேட்க மாட்டார், எனக்கு இரண்டு கட்டி என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது பாட்டில் கேட்ட ஒருவரிடம் "போதும், நாளைக்கு வேலை இருக்கு, வீட்டுக்குப் போ" என்று அவர் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். அவருக்குப் பாட்டில் விற்றால்தான் காசு. அப்படி இருந்தும் சொன்னார்.

இந்தக் கடை எப்படி ஓடுகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கடையை எடுத்து நடத்துகிறவர் பானக்கடையைத் தன் கையில் வைத்துக்கொள்வார், சமையல் அங்காடிகளை வாடகைக்கு விடுவார். நாம் குடிக்கிற காப்பியும் பீரும் அவர் வருமானம், சோறும் மீனும் அங்காடிக்காரர் வருமானம். வீவக ஒரு காலத்தில் இந்தக் கடைகளைத் தனியாருக்கு விற்றது, 1998-இல் விற்பதை நிறுத்தியது. ஏற்கெனவே விற்றவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 2022-இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு காப்பிக்கடை 41 மில்லியன் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேல் போனது. ஒரு காப்பிக்கடை! அவ்வளவு பணம் போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார்? அங்காடி வாடகையிலிருந்து. அங்காடிக்காரர் எங்கிருந்து எடுப்பார்? நம் தட்டிலிருந்து.

விலை ஏறுவதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். வேறொரு பேட்டையில், கைமாறிப் புதுப்பித்த ஒரு கடையில், போன வருடம் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்து ஆளுக்கு ஒரு காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பையன் வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தான், அம்மாவின் கோப்பையைத் தூக்கித் துடைத்தான், மறுபடியும் அங்கேயே வைத்தான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்து, வேறு ஏதாவது வேண்டுமா, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. ஆனால் அம்மா உடனே எழுந்துவிட்டார், பாதிக் காப்பி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

காப்பிக்கடையில் நாம் காசு கொடுப்பது சாப்பாட்டுக்கு மட்டுமில்லை, உட்காருவதற்கும் சேர்த்துத்தான். அதிலும் இங்கே லிட்டில் இந்தியா வட்டாரத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015-இல் வந்த சட்டத்தின்படி இரவு 10.30-இலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் மது குடிக்க முடியாது, கடையில் வாங்கிக்கொண்டு போகவும் முடியாது. சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரவு வேலை முடித்து வருகிற ஒருத்தர் நாலு பேர் நடுவில் மரியாதையாக உட்கார்ந்து ஒரு பாட்டில் குடிக்க, உரிமம் உள்ள இந்த மேசைகள்தான் மிச்சம் என்பதைச் சொல்கிறேன். வீவக தன்னிடம் வாடகைக்கு இருக்கும் கடைகளில் மலிவு விலைச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது, நல்ல காரியம். ஒரு காப்பியோடு ஒருத்தர் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கடையில் அந்த நாலாவது மாடி அங்கிள் இன்னும் வருகிறார். எண்பது தாண்டிவிட்டது. அப்பாவும் மலாய் அங்கிளும் இப்போது இல்லை. அவர் பீரை விட்டுவிட்டார், கோப்பி ஓ கோசோங் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை தூணை ஒட்டிய அதே மேசையில் இருப்பார். ஆறிப்போனால் பீர் ஆண்டி கொஞ்சம் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார், காசு வாங்குவதில்லை. நான் வேலைவிட்டு வரும்போது அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் போய் உட்காருவேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம், என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், சொல்லுவேன். நேற்று மீன் தலை வாங்கலாமா என்று அவரே கேட்டார். இரண்டு பேருக்கு அது அதிகம்தான், இருந்தாலும் வாங்கினோம்.