பேர்ல நிலம் இல்லாதவர் போட்ட பிளாட்டு

[காட்சி: சென்ட்ரேலியா ஸ்டேஷன். ரயில் வந்து நிக்குது.]

அமெரிக்காவோட வடமேற்கு மூலையில, வாஷிங்டன் மாநிலத்துல இருக்கிற ஊர் இது. பேரு சென்ட்ரேலியா. இதை உண்டாக்கினவர் ஜார்ஜ் வாஷிங்டன். முதல் ஜனாதிபதி இல்லைங்க, இவர் வேற.

1817-ல வர்ஜீனியாவுல பிறந்தார். அப்பா கறுப்பின அடிமை, அம்மா வெள்ளைக்காரங்க. இவர் குழந்தையா இருக்கும்போதே அப்பாவை வித்துட்டாங்க. காக்ரன்னு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இவரைப் பெத்த பிள்ளையா வளர்த்தாங்க.

[வரைபடம்: ஓரிகான் பாதை]

1850-ல மூணு பேரும் கூண்டு வண்டி கட்டி ஓரிகான் போனாங்க. அங்க கறுப்பினத்தவர் குடியேறவே கூடாதுன்னு சட்டம். கல்யாணமான வெள்ளைக்காரங்களுக்கோ அரசாங்கம் 640 ஏக்கர் சும்மாவே கொடுத்துச்சு.

இவர் கொலம்பியா ஆத்தைத் தாண்டி வடக்க போய், ஸ்கூகம்சக் ஆறு செஹாலிஸ் ஆத்துல கலக்குற இடத்துல காட்டைத் திருத்தினார். உழைச்ச மண்ணை வேற எவனாவது பதிஞ்சுக்கிட்டா? காக்ரன் தம்பதி தங்க பேர்லயே பதிஞ்சுட்டாங்க. பினாமின்னாலே நமக்குத் திருட்டுத்தனம்தான் ஞாபகம் வரும். இங்க அது வளர்த்த பாசம். 1853-ல வாஷிங்டன் ஓரிகான்லேருந்து பிரிஞ்சு தனிப் பிரதேசமாச்சு, அங்க அந்தத் தடை இல்லை. பிறகு நிலத்தை அவங்ககிட்டயே விலைக்கு வாங்கிக்கிட்டார்.

[காட்சி: பழைய நீராவி என்ஜின்]

1872-ல நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியோட தண்டவாளம் அந்தப் பக்கம் வந்துச்சு. கலாமா, டகோமாங்கிற ரெண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட நடுவுல இவர் நிலம். ரயில் வந்தா ஊர் வரும்னு தெரியாதா என்ன? 1875 ஜனவரி 8, மனைவி மேரி ஜேனோட சேர்ந்து பிளாட் போட்டுப் பதிவு பண்ணார். பேரு சென்டர்வில், அதாவது நடு ஊர். மனை 10 டாலர். சர்ச்சுக்கும், கல்லறைத் தோட்டத்துக்கும், பொதுத் திடலுக்கும் இடம் இலவசம். அதே பேர்ல இன்னொரு ஊர் இருந்து குழப்பம் வரவும், சென்ட்ரேலியான்னு மாத்தினாங்க.

1893-ல நாடு முழுக்கப் பொருளாதாரம் விழுந்துச்சு. பேங்க் மூடுது, வேலை போகுது. இவருக்கு வயசு 75 தாண்டியாச்சு. இருந்தாலும் வண்டி வண்டியா அரிசி, மாவு, சர்க்கரை கொண்டுவந்து ஊர்ல இறக்கினார். வட்டியில்லாம கடன் கொடுத்தார். மனைக்குப் பணம் கட்ட முடியாதவங்களை வெளிய தள்ளலை. ரியல் எஸ்டேட்காரர்னு சொன்னா நம்ப மாட்டீங்க!

[காட்சி: ஊர் நடுவுல ஜார்ஜ் வாஷிங்டன் பூங்கா]

1905 ஆகஸ்டுல குதிரை வண்டியிலேருந்து தூக்கி எறியப்பட்டு, 88 வயசுல இறந்தார். மேயர் துக்க நாள் அறிவிச்சார். அடக்கம் பண்ணது, ஊருக்குன்னு அவரே எழுதிக் கொடுத்த கல்லறைத் தோட்டத்துல.