ஏறின கியரிலேயே இறங்கணும்

(சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம், காலையில் நடைபோகிற நண்பர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தியானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது வீட்டில் சிரித்தார்கள். நான் சாமியார் இல்லை. 26 வருஷம் பஸ் ஓட்டியவன், அதில் பாதிக்கு மேல் ஏற்காடு ரூட். இந்தக் கூட்டத்திலேயே என் வண்டியில் வாந்தி எடுத்தவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள். (சிரிப்பு)

அடிவாரத்தைத் தாண்டி மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிய வித்தை இல்லை, இறங்குவதுதான் வித்தை. எனக்கு ரூட் காட்டிய சீனியர் டிரைவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: “எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கை நம்பாதே.” கோடை விழா சமயத்தில் பார்த்திருப்பீர்கள், வெளியூர் கார்க்காரர்கள் மேலேயிருந்து கீழே வரைக்கும் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவார்கள். பாதி வழியில் கருகின வாடை வரும். லைனிங் சூடேறிவிட்டால் பிடிப்புப் போய்விடும், அப்புறம் மிதித்தாலும் வண்டி கேட்காது. அழுத்தி அழுத்தியே பிரேக்கைக் கெடுத்துவிடுகிறோம். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவில் லேசாகத் தொட்டால் போதும்.

ரோட்டில் இது எனக்கு அத்துப்படி. என் தலைக்குள்ளே ஓடின வண்டிக்கு இதே விதிதான் என்று புரிய ரொம்ப வருஷமாயிற்று.

எங்கள் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு நிலத் தகராறு. பெரிய நிலமும் இல்லை. ஒரு கிரகப்பிரவேசத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னார், “ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குப் பத்திரம் என்னடா தெரியும்?” அவ்வளவுதான். அவர் அதோடு ரசம் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு முழிப்பு வரும். அந்தப் பந்தி, அந்த இலை, அந்த வார்த்தை. அங்கே நான் சொல்லாமல் விட்ட பதில்களை எல்லாம் மெத்தையில் படுத்துச் சொல்வேன். ஒவ்வொரு ராத்திரியும் கேஸில் ஜெயித்தது நான்தான். ஆனால் காலையில் டியூட்டிக்குக் கண் எரிச்சலோடு போனதும் நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தியானம் செய்யச் சொன்னார். உட்கார்ந்தேன். நான் செய்தது என்ன தெரியுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘அண்ணனை நினைக்கக் கூடாது, அண்ணனை நினைக்கக் கூடாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருபது வளைவுக்கும் பிரேக்கிலேயே கால்.

இதை ஒரு அமெரிக்க மனவியல்காரர் சோதித்தே பார்த்துவிட்டார். டேனியல் வெக்னர் என்று பெயர், 1987-ல் வந்த ஆய்வு. ஆட்களை உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைத்துவிட்டால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம் அடுத்தது. அப்புறம் ‘இப்போது தாராளமாக நினைக்கலாம்’ என்று விட்டபோது, முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது, ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி கொடுக்கப்பட்டவர்களைவிட. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதையை நம்ம பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் மணி இல்லை, அவ்வளவுதான்.

சரி, அடக்காமல் என்ன செய்வது? மூச்சில் ஆரம்பிக்கலாம். இப்போதே மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாக அடிக்கும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகும். எல்லாருக்கும் விரலில் தெரியாது, சிறு வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் என்ற நரம்பு, மூச்சு விடும்போது இதயத்தை நிதானப்படுத்துகிறது. கவலை வந்தால் நம்மை அறியாமலே பெருமூச்சு விடுகிறோம், பார்த்திருப்பீர்கள். சாதாரணமாக நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 தடவை மூச்சு விடுகிற உடம்பு இது. அதை ஆறு ஏழாகக் குறைத்து, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால், இன்ஜின் வண்டியைப் பிடிக்கிற மாதிரி உடம்பு மனசைப் பிடிக்கும். மூச்சை நிறுத்தி வைப்பது, எண்ணிக்கை வைத்துப் போட்டி போடுவது எல்லாம் வேண்டாம். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். புத்தர் சொன்னதாகப் பாலி மொழியில் இருக்கிற மஜ்ஜிம நிகாயத்தில் 20-வது சூத்திரம் முழுக்க இந்த விஷயம்தான்: வேண்டாத நினைப்பு வந்தால் என்ன செய்வது. ஐந்து வழி இருக்கிறது. ஒன்று, தச்சர் ஒரு ஆப்பை இன்னொரு ஆப்பால் அடித்து வெளியேற்றுகிற மாதிரி, அந்த நினைப்பின் இடத்தில் வேறொரு நல்ல நினைப்பை வைப்பது. நான் செய்து பார்த்தேன். அண்ணனின் அந்த வார்த்தை வரும்போது, ஆறாவது படிக்கையில் அவர் என்னை சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போனதை எடுத்து வைத்தேன். மேட்டில் இறங்கி என்னைத் தள்ளச் சொல்லமாட்டார், தானே தம் கட்டி மிதிப்பார். சில ராத்திரி இது வேலை செய்தது. சில ராத்திரி, ‘அவ்வளவு பாசமாக இருந்தவர் இப்படிச் சொல்லலாமா’ என்று இன்னும் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

இரண்டாவது, இந்த நினைப்பால் எனக்கு என்ன கெடுதல் என்று பார்ப்பது. மூன்றாவது, அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது. மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது சட்டமே. வழிவிடுவதோடு சரி. அந்த வண்டியில் யார் போகிறார்கள் என்று பார்க்க நாம் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பின்னால் போவதில்லை.

நாலாவதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒருவன் வேகமாக நடந்துபோகிறான். ‘நான் ஏன் இத்தனை வேகமாக நடக்கிறேன், மெதுவாக நடக்கலாமே’ என்று தோன்றுகிறது. மெதுவாக நடக்கிறான். ‘ஏன் நடக்க வேண்டும், நிற்கலாமே.’ நிற்கிறான். அப்புறம் உட்காருகிறான், அப்புறம் படுக்கிறான். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று! கியர் பெட்டியே இல்லாத காலத்தில் கியர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் மேல் கோபம் வரும்போது அந்தக் கோபத்தை அப்படியே நிறுத்த என்னால் முடியாது. ஆனால் ‘அவர் என்னை அவமானப்படுத்தினார்’ என்பதிலிருந்து ‘என் நெஞ்சு இறுகியிருக்கிறது’ என்பதற்கு இறங்கலாம். அதிலிருந்து ‘மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது’ என்பதற்கு. கதையிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து மூச்சுக்கு. ஒரேயடியாக இல்லை, ஒவ்வொரு கியராக.

ஐந்தாவது என்ன தெரியுமா? பல்லோடு பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, பலசாலி ஒருவன் நோஞ்சானை அமுக்குவது மாதிரி நினைப்பை நசுக்குவது. பிரேக். மற்ற நாலும் சரிப்படவில்லை என்றால் மட்டும்தான் இது. கடைசியில் வைத்ததை நான் முதலில் எடுத்து, மூன்று மாசம் அதையே செய்துகொண்டிருந்தேன்.

புத்தர் என்றதும் நம்ம ஊர் விஷயம் ஒன்று. தலைவெட்டி முனியப்பன் கோயில் உங்களுக்குத் தெரியும். டிரைவர்களுக்கு முனியப்பன் குலதெய்வம் மாதிரி, நானும் அங்கே தேங்காய் உடைத்தவன்தான். அந்தச் சிலை புத்தர் சிலை என்று தொல்லியல் துறை ஆய்ந்து சொல்ல, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு எப்படிப் பார்க்கப்பட வேண்டும் என்று நான் பேச வரவில்லை. எனக்கு உறைத்தது வேறு. தாமரைப் பீடத்தில் உட்கார்ந்து, கைகள் தியான முத்திரையில் இருப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தார்கள். துண்டான தலையைப் பிற்பாடு சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றும் இருந்தது. இத்தனை வருஷம் வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே கும்பிட்டிருக்கிறேன். மடியில் கை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

புதிதாக உட்காருகிறவர்களுக்கு ஒன்று. மனசு ஓடத்தான் ஓடும். 2010-ல் ஹார்வர்டில் இருவர், 2,250 பேரிடம் செல்போன் வழியாக அவ்வப்போது ‘இப்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு கையிலிருக்கிற வேலையில் இல்லை. ஆகவே பத்து நிமிஷத்தில் ஐம்பது தடவை மூச்சை விட்டு ஓடினாலும் உங்களுக்குத் தியானம் வரவில்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடி இருக்கிறதே, அதுதான் பயிற்சி. திட்டாமல் திரும்பி வாருங்கள். சம்மணம் போட முட்டி விடவில்லையா, நாற்காலி போதும். காபி குடித்துவிட்டு உட்காரலாமா என்று கேட்பார்கள். குடியுங்கள், ஏற்காட்டுக் காபிக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றை விளையாட்டில்லாமல் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது மூச்சைப் பார்த்து உட்காருகிற நேரம் இல்லை. நம்ம அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பிரேக் பிடிக்காத வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு எந்த டிரைவரும் வெட்கப்பட்டதில்லை.

(பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “அண்ணன் கூடப் பேசியாச்சுங்களா?” என்று கேட்டார்.)

இல்லைங்கம்மா. நிலமும் அப்படியேதான் கிடக்கிறது. அந்த வார்த்தையும் வருகிறது, மாசத்துக்கு இரண்டு தடவை, முக்கியமாக யாராவது ரசம் ஊற்றும்போது. போன மாம்பழ சீசனில் இமாம்பசந்த் ஒரு கூடை பையனிடம் கொடுத்தனுப்பினேன். ஒன்றும் சொல்லவில்லையாம். கூடை மட்டும் கழுவித் திரும்பி வந்தது.