நாய்க் காப்பகத்துக்குக் காசு ஒதுக்கினா பஸ் மானியம் குறையுமா? – உங்கட கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவம். மட்டக்களப்பு ஊறணிப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், ஒள்ளம் நீளமான கேள்வி, நான் சுருக்கிச் சொல்லுறன். தெருநாய்க்குக் காப்பகம் கட்ட மாநகர சபை காசு ஒதுக்கணும் எண்டு ஒரு பக்கம் கேக்கிறாங்க, மற்றப் பக்கம் வாவிக்கு மேற்க இருக்கிற படுவான்கரையில பள்ளிக்கூடப் புள்ளைகள் பஸ் இல்லாம நடந்து போகுதுகள், அந்தக் காச பஸ்ஸுக்கு மானியமாக் குடுத்தா என்ன, மனுசருக்குப் பொறகுதானே மிருகம் எண்டு கேக்கிறார். அமெரிக்காவில சிட்டி கவுன்சில்கள்ல இப்பிடிச் சண்டை வாற வீடியோவுகளப் பாத்திட்டுத்தான் அவருக்கு இந்த யோசின வந்ததாம்.

தம்பி, கேள்வி நல்ல கேள்வி, புள்ளைகள நினைச்சிக் கேக்கிறீங்க, அது எனக்கு விளங்குது. ஆனா நீங்க கேக்கிற ரெண்டு காசும் ஒரே பெட்டியில இல்ல, இத முதல்ல நல்லா விளங்கிக்கொள்ளணும். அமெரிக்காவில சில இடத்துல சிட்டியே பஸ் ஓட்டுது, அதே சிட்டிதான் மிருகக் காப்பகத்துக்கும் காசு குடுக்குது, ரெண்டும் ஒரே பொது நிதியில இருந்து போகுது, அதால அங்க ஒண்டுக்குக் கூட்டினா மற்றதுல கை வைக்கிற நிலம உண்மையா வரும். அதுலயும் அங்க பஸ்ஸுக்கு மத்திய அரசாங்கம் குடுக்கிற உதவிக்கு உள்ளூர்க் காரங்களும் பங்கு போடணும், பஸ் வாங்குற மாதிரி முதலீட்டுக்கு எண்டா மத்திய பங்கு 80 வீதம் வரைக்கும் வரும், மிச்சத்த ஊர் போடணும், ஊர் தன்ட பங்க வெட்டினா மேலேருந்து வாறதும் வராமப் போயிடும். காப்பகத்தையும் நினைச்ச மாதிரி வெட்ட ஏலா, கலிபோர்னியாவ எடுத்தா 1998ல வந்த சட்டப்படி பிடிச்ச நாயக் குறிப்பிட்ட நாள் வரைக்கும் வச்சிருந்தே ஆகணும். அதால அங்க அந்தச் சண்டைக்கு அர்த்தம் இரிக்கு.

இஞ்ச அப்பிடி இல்ல. இஞ்ச பஸ் மாநகர சபைட கையில இல்லவே இல்ல. சிவப்பு பஸ் இ.போ.ச, அதாவது இலங்கை போக்குவரத்துச் சபை, அது மத்திய அரசாங்கம். பிரைவேட் பஸ்ஸுக்கு மாகாணத்துக்குள்ள ஓட பெர்மிட் குடுக்கிறது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மானியம் எண்டு நீங்க சொல்லுறது, பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் சேவை, அது 2005ல தொடங்கினது, தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நடத்துது. பயணிகள் குறைவு, ஓடினா நட்டம் எண்டு பஸ்காரங்க கைவிடுற கிராமத்து ரூட்டுக்கு கெமி செரிய எண்டு ஒண்டு இரிக்கு, அதுவும் அவங்கதான். சீசன் டிக்கெட்டுல புள்ளைகள் கட்டாத மிச்சக் காச இ.போ.சவுக்குக் குடுக்கிறதும் அரசாங்கம்தான். இதுல ஒரு சதமும் மாநகர சபைட பட்ஜெட்டுக்குள்ளால போறதில்ல.

இன்னொண்டு, இது கன பேருக்குப் பிடிபடுறதில்ல. படுவான்கரைக்குப் போற வலையிறவுப் பாலத்தக் கடந்தா மாநகர எல்ல முடிஞ்சிது. வவுணதீவு மண்முனை மேற்குப் பிரதேச சபை, கொக்கட்டிச்சோலை மண்முனை தென்மேற்குப் பிரதேச சபை. டவுண்ல கடைக்காரரும் வீட்டுக்காரரும் கட்டுற சோலைவரிய எடுத்து எல்லைக்கு அங்கால ஓடுற பஸ்ஸுக்குக் குடுக்க மேயருக்கு மனமிருந்தாலும் அதிகாரமில்ல. அதிகாரமில்லாத செலவுக்கு செக் எழுதினா ஒடிட்டுல வரும், 2018ம் ஆண்டு 19ம் இலக்க தேசிய கணக்காய்வுச் சட்டத்துல, அந்த நட்டத்த அதுக்குப் பொறுப்பான ஆக்கள்ட்டயே அறவிடவும் இடமிருக்கு. நான் உள்ளூராட்சிப் பக்கம் வேல செஞ்ச ஆள், நல்ல நோக்கத்தில கையெழுத்து வச்சிட்டு பென்ஷன் நேரத்தில அலைஞ்ச ஆக்களக் கண்டிருக்கன், அதால இத அழுத்திச் சொல்லுறன்.

அப்ப சபைக்கு எங்கால காசு வருது? சோலைவரி, கடை வாடகை, வியாபார லைசன்ஸ், காணி உறுதி எழுதக்குள்ள கட்டுற முத்திரை வரியில ஒரு வரவு, கோட்டுல அறவிடுற தண்டப்பணம், இந்தக் கடைசி ரெண்டும் மாகாண சபையச் சுத்தித்தான் வரும். சம்பளத்துல ஒரு பெரும் பங்கு அரசாங்கம் குடுக்குது. குப்பை அள்ள, தெரு லைட் போட, கான் துப்பரவாக்க, உள்வீதி திருத்த, இவ்வளவும் போக மிஞ்சுறதுலதான் நாய்க்கு எண்டு ஒரு தலைப்பு வரும். சபைட பட்ஜெட்டுல நாய் சண்டை பிடிக்கிறது பஸ்ஸோட இல்ல தம்பி, கானோடயும் குப்பை வண்டியோடயும்தான்.

இப்ப நாய் விசயத்துக்கு வாறன். இதுல நான் ஒள்ளம் நேரம் எடுப்பன், குறை நினைக்காதீங்க.

முந்தி தெருநாயப் பிடிச்சிக் கொல்லுறதுதான் வழம, 1893ம் ஆண்டு விசர்நாய்க்கடிச் சட்டத்துல அதுக்கு இடமிருந்திச்சி. 2006ல நாயக் கொல்லுறதில்ல எண்டு அரசாங்கம் முடிவெடுத்தது. அந்த முடிவு சரியான முடிவு, நான் முழு மனசோட சொல்லுறன். 1973ல இந்த நாட்டில விசர்நாய்க்கடியால 377 பேர் செத்தாங்க, அது பொறகு வருசத்துக்கு ஐம்பதுக்கும் கீழ இறங்கினதுக்குப் பெரிய காரணம் நாய்க்கும் கடிபட்ட மனுசருக்கும் போட்ட ஊசிதான். ஊர் நாய்ல 70 வீதத்துக்கு ஊசி போட்டிருந்தா அந்த நோய் பரவாது எண்டுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது.

ஆனா கொல்லக்கூடாது எண்டவுடன கன பேருக்கு வாற அடுத்த யோசின காப்பகம். எல்லாத்தையும் பிடிச்சி ஒரு வளவுக்குள்ள போட்டாச் சரி எண்டு நினைக்கிறாங்க. கட்டிடம் கட்டுற காசு ஒரு தரம் எங்கயாவது கிடைக்கும், வெளிநாட்டுல இருக்கிற நம்மட ஆக்களும் தருவாங்க. பொறகு ஒவ்வொரு நாளும் சோறு, காவலாள், மருந்து, மிருக வைத்தியர், இதுக்கு வருசாவருசம் ஆர் குடுக்கிறது? காப்பகம் திறந்த மறுகிழமையே வெள்ளாப்புல கேற்றடியில பெட்டியில போட்ட குட்டிகள் கிடக்கும், வீட்டில வளத்த நாயையும் கொண்டு வந்து விட்டிட்டுப் போவாங்க. நெருக்கமா அடைச்சா பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி நோய் வந்து குட்டிகள் வரிசையாச் சாகும், காப்பாத்தக் கட்டின இடமே அதுகளுக்குக் கொல்லக்களமாப் போயிடும். பிடிச்ச இடம் காலியா இருக்கும் எண்டும் நினைக்காதீங்க, மீன் மார்க்கட் கழிவும் சாப்பாட்டுக் கட வாளியும் அங்கயே கிடந்தா பக்கத்துத் தெரு நாய் வந்து சேந்திரும். ஒரு பெட்ட நாய் 63 நாள் சுமந்து வருசத்துக்கு ரெண்டு தரம் குட்டி போடலாம், அந்த வேகத்துக்கு எந்தக் காப்பகமும் ஈடு குடுக்காது.

அதால சபைட்ட நாய்க்கெண்டு இருக்கிற சின்னக் காசு முதல்ல கருத்தடைக்குப் போகணும். பிடிச்சி, ஒப்பரேஷன் செஞ்சி, விசர் ஊசி போட்டு, காதுல அடையாளம் வெட்டி, பிடிச்ச இடத்துலயே விடுறது. ஒரு நாய்க்கு ஒரே தரம்தான் அந்தப் பெரிய செலவு, ஊசி மட்டும்தான் பொறகும் தொடந்து போடணும். அடிபட்டது, காயப்பட்டது, தாயில்லாத குட்டி, இதுகளுக்கு ஒரு சின்ன இடம் வேணும், அத நான் மறுக்கல, நல்ல மனசுள்ள புள்ளைகள் இப்பவும் சொந்தக் காசில பாக்குதுகள், அதுகளுக்குச் சபை தண்ணிக் கனெக்‌ஷனும் ஒரு துண்டுக் காணியும் குடுத்தாலே பெரிய உதவி.

நாயப் பேசுற நாம மாட்ட மறந்துர்றம். பஸ்ஸும் மிருகமும் ஒண்டாச் சேருற இடம் எங்கட ஊரில கட்டாக்காலி மாடுதான். விதைப்புத் தொடங்கினா வயலுக்குள்ள மாட விட ஏலா, மேய்ச்சல் தரைக்குக் கொண்டு போகணும், மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையில 2023 செப்டம்பர்ல பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கினது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் டவுண்லயும் மெயின் றோட்டுலயும் மாடு விடுறது வேற ஆக்கள், கறக்கிற நேரம் மட்டும் தேடுவாங்க, ராவையில றோட்டு நடுவில கறுத்த மாடு படுத்துக் கிடக்கும், மோட்டர் சைக்கிள்ல வாற பொடியன் கண்டானா எண்டு ஆருக்குத் தெரியும். இந்த ஊரில எத்தன தாய்மார் இதால அழுதிருக்காங்க. இதுக்குச் சட்டம் 1876ல இருந்தே இரிக்கு, பிடிச்சி அடைச்சித் தண்டம் அறவிடலாம். ஆனா பிடிக்க ஆள் வேணும், லொறி வேணும், அடைக்க ஒழுங்கான பட்டி வேணும், தண்ணி வைக்கணும், நிழல் வேணும். என்னட்டக் கேட்டா, காப்பகம் எண்டு சபை முதல்ல ஒண்டக் கட்டுறதெண்டா அது இந்தப் பட்டிதான், ஏனெண்டா தண்டப்பணத்தால அதுட செலவில ஒரு பங்கு திரும்பி வரும், றோட்டுல உயிரும் மிஞ்சும்.

படுவான்கரை பஸ்ஸப் பத்தி நீங்க கவலப்படுறது நூத்துக்கு நூறு சரி. 2022 ஜூலையில ஆகக்குறைஞ்ச பஸ் கட்டணம் 40 ரூபாவுக்குப் போகக்குள்ள எத்தன வீட்டில பெரிய புள்ளைய மறிச்சிட்டு சின்னதுகள மட்டும் அனுப்பினாங்க. அந்தச் சண்டைய நீங்க பிடிக்கத்தான் வேணும், ஆனா தட்ட வேண்டிய கதவு மாநகர சபை இல்ல. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பர்ல கலைஞ்சதோட ஆளுநர்தான் மாகாணத்தப் பாக்கிறார், நம்மட வாக்கால வந்த ஆள் அங்க இல்லாததும் இந்தப் பஸ் கத இழுபடுறதுக்கு ஒரு காரணம்.

செய்ய வேண்டியதச் சொல்லுறன். 2016ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஆர்.டி.ஐ. 01 எண்டு ஒரு படிவம் இரிக்கு, 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ஒண்ட மாநகர சபைக்குக் குடுங்க, நாய்க் கட்டுப்பாட்டுக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் போன வருசம் எவ்வளவு ஒதுக்கினது, எவ்வளவு செலவழிச்சது எண்டு ரெண்டையும் கேளுங்க, ஒதுக்கினத மட்டும் கேட்டா பேப்பர்ல உள்ள தொகைதான் வரும். பட்ஜெட் டிசம்பர்ல வரும், அதுக்கு முதல் ஒக்டோபர் மட்டில உங்கட வட்டார மெம்பர்ட கையில அந்தப் பதில் இருக்கணும். மற்றப் படிவத்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு அனுப்புங்க, எங்கட மாவட்டத்துல சிசு செரியவும் கெமி செரியவும் எந்தெந்த ரூட்டுல ஓடுது எண்டு கேளுங்க. பதில் வந்து உங்கட ரூட் அதுல இல்லையெண்டா, காலையில எத்தன மணிக்கு எந்தச் சந்தியில எத்தன புள்ளைகள் நிக்குதுகள் எண்டு பாடசாலை அதிபர்ட கையெழுத்தோட ஒரு கடிதம் எழுதி, சேவை கேக்கிற விண்ணப்பத்தோட சேத்து அதே ஆணைக்குழுவுக்குக் குடுங்க.