சின்ன ஸ்ட்ரோலரா, பெரிய பிராமா?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் குழந்தைப் பொருள் கடை ஒன்றில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் கடைக்குள் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: மடக்கித் தூக்கிக்கொண்டு போகிற சின்ன ஸ்ட்ரோலர் வாங்கலாமா, குழந்தையை மட்டமாகப் படுக்கவைத்துத் தள்ளும் பெரிய பிராம் வாங்கலாமா? வண்டியைக் காட்டுவதற்கு முன் நானும் ஒன்று கேட்பேன். பகலில் இதைத் தள்ளப்போவது யார்?

"ஊரிலிருந்து அம்மா வர்றாங்க" என்பார்கள். இல்லையென்றால் பணிப்பெண். ஆனால் கடையில் வண்டியை உருட்டிப் பார்த்து, வளைத்துத் திருப்பி, "சக்கரம் சூப்பர்" என்று முடிவு சொல்வது பெரும்பாலும் அப்பாதான்! அறுபது வயதைத் தாண்டிய பாட்டியம்மா அதைத் தூக்க முடியுமா என்ற யோசனை அப்போது வருவதில்லை.

பெரிய பிராம் காலியாக இருக்கும்போதே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். சில 14, 15 கிலோவைத் தொடும். சின்னது 6, 7 கிலோ. சமதரையில் தள்ளுவதற்குப் பெரியதுதான் சுகம். சக்கரம் பெரிது, வடிகால் மூடியின் இடுக்கில் மாட்டாது, குழந்தையும் குலுங்காமல் தூங்கும். தூக்கவேண்டி வரும்போதுதான் அதன் பாரம் தெரியும். ஆகவே உங்கள் அன்றாடப் பாதையில் எங்கெல்லாம் தூக்கவேண்டியிருக்கும் என்று முதலில் பாருங்கள். எல்லாத் தளங்களிலும் லிஃப்ட் நிற்காத பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள் இன்னமும் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வாசல் வழியாகப் போகும் ஐந்தடி நடைபாதையோ ஒரு கடைக்கு ஒரு படி ஏறும், அடுத்த கடைக்கு இறங்கும்.

பேருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முன்பெல்லாம் வண்டியை மடக்கிவிட்டுத்தான் ஏறவேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து விரித்தபடியே ஏற்றலாம் என்றார்கள். பெற்றோருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நிறுத்தும் இடம் சக்கர நாற்காலிக்கான இடம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. அந்த நேரத்தில் உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். குழந்தை இடுப்பில், பை தோளில், ஒரு கைதான் மிச்சம். ஒற்றைக் கையால் மடங்கும் வண்டி என்றால் பிழைத்தீர்கள். இருக்கையைத் தனியாகக் கழற்றி, சட்டத்தைத் தனியாக மடக்கும் பிராம் என்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவதே மேல்.

அப்படியானால் சின்னதையே வாங்கிவிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பாதி சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் சரிந்து, முகவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சுக்கே சிரமம். அதனால் முதல் சில மாதங்களுக்குக் குழந்தை மட்டமாகப் படுக்கவேண்டும். சின்ன வண்டிகள் பல, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கென்று செய்யப்பட்டவை. பிராமின் உண்மையான பலம் இந்த முதல் ஆறு மாதம்தான். நம் வீடுகளில் அதிலும் ஒரு பகுதி, பிள்ளை பெற்றவளை வெளியே விடாமலேயே கழிந்துவிடும். மிச்சமிருக்கும் கொஞ்ச காலத்துக்காக ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? தினமும் பூங்காவில் நீண்ட தூரம் நடப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது, மட்டமாகச் சாயும் சின்ன வண்டியாகத் தேடுங்கள். பிராண்டுக்குக் கொடுக்கும் காசை அந்தச் சாய்மானத்துக்குக் கொடுங்கள். விற்பனைக்காரி இப்படிப் பேசலாமா என்று என் முதலாளி கேட்கலாம். சரி, கேட்கட்டும்.

குடைபோல மடங்கும் வண்டியை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரச் சட்டத்தில் வேலை பார்த்தவர். பேரக்குழந்தையின் பிராமை மகள் விமானப் பயணத்தில் தூக்கிச் சுமந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்ததாம்.

விமானம் என்றதும் சென்னை, திருச்சி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியில் 'கேபின் சைஸ்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பல நிறுவனங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. விமான வாசலில் வண்டியைக் கொடுத்தால், இறங்கும்போது வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டில் வருமென்றால், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் குடிநுழைவு வரிசையில் நிற்கவேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் அந்த வண்டிக்கு வேலையே இருக்காது. சித்தியும் அத்தையும் குழந்தையைக் கீழே விட்டால்தானே!

கடைசியாக, கடைக்கு வரும்போது பாட்டியையும் அழைத்து வாருங்கள். வண்டியில் 10 கிலோ எடையை வைத்து, அவர் கையாலேயே பிரேக் போட்டு, எடுத்து, பிறகு எடையை இறக்கிவிட்டு மடக்கிப் பார்க்கட்டும். மடக்கும் கீலுக்கு மூடி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிஞ்சு விரல் மாட்டும் இடம் அது. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் சின்ன வண்டி பின்பக்கமாகக் குடைசாயும், அதையும் அங்கேயே செய்து பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் குழந்தையைக் கட்டும் வாரின் கொக்கியை நாலைந்து முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். ஒருமுறை நழுவினாலும் அந்த வண்டி வேண்டாம். வணக்கம்.