அப்பா பென்சில் சீவிய இரவு

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நாடு கலங்கி நிற்கும் நேரத்தில் பேஸ்பால் இறுதித் தொடர் மக்களுக்குத் துணையா, திசைதிருப்பலா?" இதுதான் இன்றைய தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ரோம் எரியும்போது பிடில் வாசித்த நீரோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இடிபாட்டில் பிணம் தேடிக்கொண்டிருக்கும் ஊரில், பந்து அடிக்கிறவனுக்குக் கைதட்டலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி ஐயா. அந்த ஊரில் இருந்தவள் நான். கைதட்டியவளும் நான். அதனால் பதிலை நானே சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங்கில். அங்கே பவுன் தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு 1977-இல் கும்பாபிஷேகம் நடந்தபோது எனக்கு ஏழு வயது. அந்தப் பக்கத்திலேயேதான் மெட்ஸ் அணியின் ஷே ஸ்டேடியமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில், மத்தியானம் ஸ்டேடியம். டப்பாவில் தயிர்சாதம், அப்பாவின் கையில் ஒரு கணக்கு நோட்டும் பென்சிலும். பேஸ்பாலில் ரசிகர்களே ஸ்கோர் எழுதுவது பழைய வழக்கம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, இன்னிங்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு, அவுட் ஆனால் ஆங்கில எழுத்து 'கே' போடுவார்கள். மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் முதலில் எழுத வந்த எழுத்தே இந்தத் திருப்பிப் போட்ட 'கே'தான். 1986-இல் பாஸ்டன் அணியின் பில் பக்னர் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போய் மெட்ஸ் ஜெயித்த இரவு, அப்பா பென்சிலை அழுத்திய அழுத்தில் முனை ஒடிந்தது. அந்த ஓட்டை இன்னும் தாளில் இருக்கிறது.

இப்போது 2001-க்கு வருகிறேன்.

அப்பாவின் அலுவலகம் அப்போது கீழ் மன்ஹாட்டனில் இருந்தது. செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டு இடிந்தன. ரயில் இல்லை. பாலத்தைக் கடந்து நடந்தே வந்தார். சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது ஷூ முழுவதும் சாம்பல். அதை வாசலிலேயே கழற்றிப் போட்டவர் மறுபடி தொடவில்லை. அப்புறம் டிவி முன்னால் உட்கார்ந்தார். நாள் கணக்காக அதே காட்சி. ஆப்கானிஸ்தானில் குண்டுவீச்சு தொடங்கியது. ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் வைத்த கடிதங்கள் வந்தன. அம்மா கையுறை போட்டுக்கொண்டு தபால் பிரித்தார். எதிரணி நண்பர்கள் சொல்கிறார்கள், மக்கள் அந்த நேரத்தில் செய்தியைப் பார்க்க வேண்டும் என்று. பார்த்தோம் ஐயா, பார்த்தோம். பார்ப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நியூயார்க்கில் மறுபடி பேஸ்பால் நடந்தது செப்டம்பர் 21 அன்று, ஷே ஸ்டேடியத்தில். மெட்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும். அப்பா வரவில்லை. தம்பியும் நானும் போனோம். அதற்கு முந்தைய நாட்களில் அந்த ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்க மீட்புப் பணியாளர்களுக்கான பொருட்கள் மலைபோலக் குவிந்திருந்தன. மேனேஜர் பாபி வேலன்டைனும் ஆட்டக்காரர்களும் அங்கே நின்று பெட்டி தூக்கினார்கள். அன்றைய ஆட்டத்தில் மெட்ஸ் தங்கள் தொப்பியைப் போடாமல், தீயணைப்புத் துறை, காவல்துறை தொப்பிகளைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். ஸ்கோர் பலகையின் உச்சியில் நியூயார்க் கட்டடங்களின் வடிவத்தை வரிசையாக விளக்குப் போட்டு அமைத்திருப்பார்கள். அன்று அந்த இரண்டு கோபுரங்களுக்கு மட்டும் விளக்கு இல்லை. அவற்றின் மேல் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு ரிப்பன்.

41,000 பேருக்கு மேல் வந்திருந்தோம். முதல் சில இன்னிங்ஸ் யாருக்கும் சத்தம் போட வரவில்லை. சந்தோஷப்படலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அவர் கோட்டில் ஒரு வாலிபனின் போட்டோ, ஊக்கு குத்தி இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் மெட்ஸ் ஒரு ரன் பின்தங்கி இருந்தபோது மைக் பியாட்ஸா பந்தை அடித்தார். நடு மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போனது. இரண்டு ரன். 3-2. அந்த அம்மா எழுந்தார், தொண்டை கிழியக் கத்தினார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார், உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கோட்டில் கோணிப்போயிருந்த அந்தப் போட்டோவை நேராக்கினார்.

எதிரணித் தலைவர் அவர்களே, அந்த அம்மா எதை மறந்தார்? சொல்லுங்கள். கவனம் சிதறியவர் அந்தப் போட்டோவை நேராக்குவாரா? பத்து நாளாக அடைபட்டுக் கிடந்த சத்தம், கத்துவதற்கு ஒரு இடம் கிடைத்ததும் வெளியே வந்தது. செய்தியை வீட்டில் தனியாகத்தான் பார்க்க முடிந்தது. ஸ்டேடியத்தில்தான் எங்களை நாங்களே பார்த்தோம்.

இது ஏதோ என் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2016-இல் அதிபர் தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, நாடு இரண்டாகப் பிளந்து கிடந்த நேரத்தில், சிகாகோ கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் வென்றது. அந்த நாட்களில் ரசிகர்கள் ரிக்ளி ஃபீல்டு ஸ்டேடியத்தின் செங்கல் சுவரில் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். யார் பெயர்? இந்த வெற்றியைப் பார்க்காமலே போய்விட்ட அப்பாக்கள், பாட்டிகள் பெயர்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் 1989-ஐச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோவும் ஓக்லண்டும் மோதிய இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்க இருந்த நேரம், அக்டோபர் 17, மாலை 5.04-க்கு நிலநடுக்கம். "அன்று நிறுத்தினார்களே, அதுதானே மனிதத்தன்மை?" என்றார். ஆமாம், நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தக் கூடாது என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஓக்லண்டில் சைப்ரஸ் இரட்டை அடுக்கு நெடுஞ்சாலை இடிந்து விழுந்து, மொத்தம் இறந்த 63 பேரில் 42 பேர் அங்கேயே போனார்கள். வேலை விட்டு வீடு திரும்பும் நேரம் அது. வளைகுடாவின் இரு கரை அணிகளும் மோதியதால், ஆட்டம் பார்க்கப் பலர் அன்று முன்கூட்டியே வீட்டுக்குப் போயிருந்தார்கள். வழக்கமான நெரிசல் இருந்திருந்தால் பலி இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பத்து நாள் கழித்து ஆட்டம் தொடர்ந்தபோது முதல் பந்தை எறிய அழைக்கப்பட்டவர்கள் மீட்புப் பணியாளர்கள்.

இன்னும் பின்னால், இரண்டாம் உலகப் போருக்குப் போவோம். அமெரிக்கக் கடற்படைத் தளமான பியர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு ஆறு வாரம்கூட ஆகவில்லை. பேஸ்பாலை நடத்தலாமா என்று பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். 1942 ஜனவரி 15 அன்று பதில் வந்தது. தொடர்ந்து நடத்துவதே நாட்டுக்கு நல்லது, மக்கள் முன்னைவிட நீண்ட நேரம், கடினமாக உழைக்கப் போகிறார்கள், அவர்களுக்கு இளைப்பாற ஒன்று வேண்டும் என்றார். பகலில் வேலைக்குப் போகிறவர்களும் பார்க்கும்படி இரவு ஆட்டங்களைக் கூட்டச் சொன்னார். 300 அணிகளின் 5,000, 6,000 ஆட்டக்காரர்களால் குறைந்தது 2 கோடிப் பேருக்கு நன்மை என்று கணக்கே போட்டார். அதே கடிதத்தில், படைக்குப் போகும் வயதில் இருக்கும் ஆட்டக்காரர்கள் போயே ஆக வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னார். ஒரு பெரும் போரை நடத்திய மனிதர் இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்.

"அரசியல்வாதிகள் இதை மேடையாக்கிக்கொள்கிறார்கள்" என்ற வாதமும் வந்தது. முயற்சி செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடை அவர்கள் சொன்னபடி கேட்பதில்லை. 2001-இல் யாங்கீ ஸ்டேடியத்தில் அதிபர் புஷ்ஷுக்கு ஆரவாரம் செய்த அதே பேஸ்பால் கூட்டம், 2019 இறுதித் தொடரில் வாஷிங்டனில் அதிபர் டிரம்ப்பைப் பெரிய திரையில் காட்டியபோது பலத்த கூச்சலிட்டு எதிர்த்தது. அவரவருக்குப் பிடித்தது, பிடிக்காதது வேறு விஷயம். மயங்கிக் கிடக்கிற கூட்டம் அப்படிச் செய்யாது. டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று எதிரணி சொன்னது மட்டும் முழு உண்மை. அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப்போன காசுக்கு இன்று கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. அந்த ஒரு புள்ளியை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

சரி, அந்த அக்டோபருக்குத் திரும்பி வருகிறேன். இறுதித் தொடருக்குப் போனது மெட்ஸ் அல்ல, நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸ். எங்கள் வீட்டில் யாங்கீஸ் என்றாலே ஆகாது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் எங்களை வீழ்த்தியவர்களே அவர்கள்தான். எதிரே அரிசோனா டைமண்ட்பேக்ஸ். அங்கே நடந்த முதல் இரண்டு ஆட்டத்திலும் யாங்கீஸ் தோற்றது. மூன்றாவது ஆட்டம் நியூயார்க்கில், அக்டோபர் 30. முந்தைய நாள்தான் இன்னொரு தாக்குதல் வரலாம் என்று அரசு எச்சரித்திருந்தது. கோபுரங்களின் இடிபாட்டிலிருந்து எடுத்த கிழிந்த கொடி ஸ்டேடியத்தில் பறந்தது. டிவியில் அதைப் பார்த்த அப்பா, ஏழு வாரமாக உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதவர், எழுந்து சமையலறைக்குப் போனார். கத்தி எடுத்தார். பென்சில் சீவினார். அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை.

அன்று யாங்கீஸ் ஜெயித்தது. மறுநாள் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட் ஆனால் தோல்வி என்ற நிலையில், டினோ மார்ட்டினெஸ் ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டும் அடி, அடித்துச் சமன் செய்தார். நள்ளிரவு தாண்டி, நவம்பர் பிறந்தபின், டெரெக் ஜீட்டர் இன்னொன்று அடித்து முடித்தார். அதற்கு அடுத்த இரவும் அப்படியே, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஸ்காட் பிரோஷியஸ். இரண்டு இரவும் பந்து வீசியவர் அரிசோனாவின் 22 வயது கொரியப் பையன், கிம் பியுங் ஹியுன். இரண்டாவது முறை பந்து போனதும் அவர் எறியும் மேட்டிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. அப்பா மட்டும், "ஐயோ பாவம், ஊரு விட்டு ஊரு வந்த புள்ள" என்றார். செப்டம்பர் 11-க்குப் பிறகு இன்னொரு மனிதருக்காக அவர் வாய்விட்டு வருந்திய முதல் வார்த்தை அது.

கடைசியில் ஏழாவது ஆட்டம், நவம்பர் 4, அரிசோனாவில். ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை. வீசுவது மரியானோ ரிவேரா, அந்தக் காலத்தில் அவர் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். முடியவில்லை. டோனி வொமாக் அடித்து சமன் ஆனது. லூயிஸ் கொன்சாலெஸின் மட்டை உடைந்து, பந்து ஜீட்டரின் தலைக்கு மேலே மெதுவாகப் போய்ப் புல்லில் விழுந்தது. அவ்வளவுதான். யாங்கீஸைப் பிடிக்காத நான் யாங்கீஸுக்காக அழுதேன். யாரும் சாகாத ஒரு விஷயத்துக்காக அழுது எத்தனை வாரம் ஆகியிருந்தது!

அப்பா இப்போது இல்லை. அந்த நோட்டை இன்று கொண்டு வந்திருக்கிறேன், நடுவர் அவர்களே. செப்டம்பர் தொடக்கத்தில் எழுதிய ஓர் ஆட்டம், அப்புறம் வெற்றுத் தாள்கள், அப்புறம் அக்டோபர் 30. கடைசி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பி, கீழே தேதி போட்டிருக்கிறார். பக்கத்தைத் திருப்பினால், அடுத்த ஏப்ரலில் வரப்போகும் முதல் ஆட்டத்துக்கு அன்றிரவே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மேசையில் வைக்கிறேன், தீர்ப்புக்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.