பிஎச்டி பண்ணாத பேராசிரியர்

எல்லாருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்துக்காரரான கிறிஸ்தவ இறையியல் பேராசிரியர் கார்ல் பார்த் பத்தி பேசச் சொல்லிட்டீங்க, அந்த மனுஷன் எழுதின 'திருச்சபைக் கோட்பாட்டியல்' மட்டுமே 9000 பக்கத்துக்கு மேல, அதையும் முடிக்காமலே 1968-ல போய்ச் சேந்துட்டார், அதனால அவரோட இறையியல் எங்கேர்ந்து கிளம்புச்சுங்கறத மட்டும் சொல்றேன்.

இவர் பிஎச்டியே பண்ணல. 1911-லேர்ந்து 10 வருஷம் சுவிட்சர்லாந்துல சாஃபன்வில்னு ஒரு மில் ஊர்ல சர்ச் போதகரா இருந்தார், தொழிலாளி பக்கம் நின்னதால முதலாளிங்ககிட்ட நல்லா வாங்கிக்கட்டிக்கிட்டார். 1914-ல யுத்தம் வந்ததும் ஜெர்மன் அறிவாளிங்க 93 பேர் அரசுக்கு ஆதரவா அறிக்கை விட்டாங்க, பாத்தா அதுல இவருக்கே பாடம் எடுத்த ஹார்னாக், ஹெர்மன் பேரெல்லாம் இருக்கு! இவங்க சொல்லிக்கொடுத்தத வெச்சு ஞாயித்துக்கிழமை என்னத்த பிரசங்கம் பண்றதுன்னு ஆயிடுச்சு. பைபிள்ல பவுல் எழுதின ரோமர் நிருபத்தை எடுத்து வெச்சு உக்காந்தார், அதுக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். அந்த விளக்கவுரைதான் 1921-ல அவருக்கு ஜெர்மனியில கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துல வேலை வாங்கிக் கொடுத்துச்சு, அதையே முழுசா திருப்பி எழுதி 1922-ல மறுபடியும் வெளியிட்டார்.

அப்புறம் ஜெர்மனியிலேயே மூன்ஸ்டர், பான் பல்கலைக்கழகங்கள். 1934-ல பார்மன் அறிக்கை, ஹிட்லருக்கு சபை அடிபணியாதுன்னு சொன்னது. அத எழுதக் கூடினது மூணு பேர், மத்தியானம் சாப்பிட்டுட்டு மத்த ரெண்டு பேரும், அதாவது மார்ட்டின் லூதர் வழி வந்த லூத்தரன் சபைக்காரங்க, தூங்கப் போயிட்டாங்க, இவர் ஸ்ட்ராங் காபியும் சுருட்டுமா உக்காந்து எழுதி முடிச்சிட்டார்னு அவரே சொல்லிச் சிரிப்பாராம். ஆனா அதுல யூதர்களைப் பத்தி ஒரு வரி கிடையாது, அது பெரிய குறைதான். ஹிட்லர் பேர்ல நிபந்தனை இல்லாம சத்தியம் பண்ண மாட்டேன்னதுல வேலை போச்சு, 1935-ல சுவிட்சர்லாந்துல பாசலுக்கு வந்துட்டார்.

1946-ல திரும்ப பான் போய் இடிஞ்ச கட்டடத்துல காலைல ஏழு மணிக்கு கிளாஸ் எடுத்தார், முதல்ல ஒரு பாட்டு, எட்டு மணிக்கெல்லாம் வெளிய இடிபாட்டை உடைக்கற மிஷின் கடகடன்னு ஆரம்பிச்சிடும். எப்பவும் எழுதி வெச்சு வாசிக்கறவர், அங்க முழுசா எழுதி வெச்சுக்காம பேசினார்.

நம்ம யாழ்ப்பாணத்து கிறிஸ்தவ போதகர் டி.டி. நைல்ஸ் 1935-ல இவரைப் பாத்திருக்கார். மத்த மதமெல்லாம் அவிசுவாசம்தான்னாராம் பார்த். நீங்க எத்தனை இந்துவை சந்திச்சிருக்கீங்கன்னு நைல்ஸ் கேட்டார், ஒருத்தரையும் இல்லன்னார். அப்புறம் எப்படி தெரியும்? பாக்காமலே தெரியும்ங்கற மாதிரி ஒரு பதில். நைல்ஸ் தலைய ஆட்டிட்டு சிரிச்சாராம். தன் முன்னாடி உக்காந்திருந்த மில் தொழிலாளிக்காக படிச்ச படிப்பையே தூக்கிப்போட்டவர் இப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஒட்டல, இந்த விஷயத்துல நான் நைல்ஸ் கட்சி. பார்த் பக்கம் நிக்கறவங்க இருந்தா மைக்கை வாங்கிக்கங்க, கேப்போம்.