பணக்கார நாடு, எந்தக் கணக்குப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

உலகின் பணக்கார நாடுகள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் செய்திகளில் வரும். ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்து, டாலருக்கு மாற்றி, வரிசைப்படுத்தியிருப்பார்கள். கணக்கில் தப்பில்லை. அதை வைத்து, பட்டியலில் மேலே உள்ள நாட்டுக்காரர் கீழே உள்ளவரைவிட இத்தனை மடங்கு வசதியாக வாழ்கிறார் என்று முடிவுகட்டுவதில்தான் வம்பு.

டாலருக்கு மாற்றும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. நாணய மாற்று விகிதம் ஏற்றுமதி, இறக்குமதி, முதலீடு, வட்டி ஆகியவற்றைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. முடிவெட்டும் கூலிக்கு அங்கே வேலையில்லை, அது எல்லை தாண்டி விற்பனையாவதில்லையே! அதே கத்தரிக்கோல், அதே அரைமணி நேரம். சம்பளம் உயர்ந்த நாட்டில் கூலி மட்டும் பல மடங்கு. ஆகவே சந்தை விகிதத்தில் மாற்றினால் ஏழை நாடு இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். 1964-இல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே இதை விளக்கினார்கள்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் வாங்கும் திறன் சமநிலை. ஒரே மாதிரியான பொருள்களும் சேவைகளும் எங்கே என்ன விலை என்று விசாரித்து, அதிலிருந்து ஒரு மாற்று விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். இதற்கான பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தை ஐக்கிய நாடுகள் அவையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968-இல் தொடங்கின. இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது.

விலை விசாரிப்பது கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. அரிசி என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது. நீள அரிசியா, எவ்வளவு நொய் கலந்தது, பொட்டலமா உதிரியா, எத்தனை கிலோ என்றெல்லாம் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்தில் உயர்ந்த ரகத்தின் விலையும் இன்னோரிடத்தில் மட்ட ரகத்தின் விலையும் வந்து சேரும். சரி, ரகம் ஒன்றாகிவிட்டது. அந்தப் பொருளை எல்லா நாட்டிலும் மக்கள் உண்கிறார்களா? எத்தியோப்பியாவின் அன்றாட உணவு டெஃப் என்ற சிறுதானியம். பெரும்பாலான நாடுகளின் கடைகளில் அது கிடையாது, ஒப்பிட விலையும் கிடையாது. எல்லா நாட்டிலும் கிடைக்கும் பொருளாகப் பார்த்து எடுத்தாலோ, எத்தியோப்பியாவில் அதைச் சிலர்தான் வாங்குவார்கள். இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்க வழியில்லை என்றே நினைக்கிறேன்.

விலைவாசி மதிப்பீடு மாறினால் நாட்டின் அளவே மாறிவிடும். இந்தத் திட்டத்தின் 2005-ஆம் ஆண்டு விலை விசாரிப்புச் சுற்றின் முடிவுகள் வெளியானபோது, வாங்கும் திறன் கணக்கில் சீனப் பொருளாதாரத்தின் மதிப்பு முன்பு சொல்லப்பட்டதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. சீனாவில் அன்று யாருடைய தட்டிலும் சாப்பாடு குறையவில்லை.

விலையைச் சரிசெய்தாலும், எதை வருமானம் என்று எண்ணுகிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அயர்லாந்தின் பொருளாதாரம் 2015-இல் 26 சதவீதம் வளர்ந்ததாக அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. காரணம், பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்குள்ள கிளைகளின் பெயருக்கு மாற்றியதுதான். லாபம் ஏட்டில் ஏறியது, மக்களின் பைக்கு வரவில்லை. கடைசியில் அந்த அலுவலகமே இத்தகைய வரவுகளைக் கழித்துப் பார்க்கத் தனியாக ஓர் அளவை உருவாக்கியது. லக்சம்பர்க்கில் வேறு கதை. அண்டை நாடுகளிலிருந்து தினமும் வந்து வேலை செய்பவர்களின் உழைப்பு உற்பத்தியில் சேருகிறது, வகுக்கும்போது அவர்கள் மக்கள்தொகையில் இல்லை.

அப்புறம் சராசரி. அது யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. நீண்ட ஆயுளையும் ஓய்வு நேரத்தையும்கூடச் சொல்லாது. ஆயுளையும் கல்வியையும் சேர்த்த மனித மேம்பாட்டுக் குறியீடு 1990-இல் வந்தது. பயனுள்ளதுதான், ஆனால் அதிலும் ஓய்வு இல்லை. என்னைக் கவர்ந்தது சார்லஸ் ஜோன்ஸ், பீட்டர் கிளெனோ என்ற பொருளியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு நாட்டில் யாராகப் பிறப்போம் என்று தெரியாத ஒருவருக்கு அங்கு வாழ்வது எவ்வளவு மதிப்புள்ளது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நுகர்வு, ஓய்வு, ஆயுள், ஏற்றத்தாழ்வு எல்லாம் அதில் சேரும். 2005-இல் பிரான்சின் தனிநபர் உற்பத்தி அமெரிக்காவினுடையதில் 67 சதவீதம். இவர்கள் கணக்கில், அங்கு வாழ்வதன் மதிப்பு அமெரிக்காவினுடையதில் சுமார் 92 சதவீதமாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் குறைந்த நேரம் உழைக்கிறார்கள், அதிக காலம் வாழ்கிறார்கள், அங்கே ஏற்றத்தாழ்வும் குறைவு. ஏழை நாடுகள் பலவற்றில் இதே கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது: குறைந்த ஆயுளைச் சேர்த்ததும், வருமானக் கணக்கில் தெரிந்ததைவிட இடைவெளி இன்னும் பெரிதாகிறது.

நன்றி, வணக்கம்.